கலைச்சொல்: பைக்குழலா, துருத்திக்குழலா?

வணக்கம். பழைய பெண்கள் பேக்பைப் பேண்டுகளைப் பற்றிய கட்டுரைக்குச் சொற்கள் தேவை. பேக்பைப்: துருத்திக்குழல். பாட்டு வாசிக்கும் சாண்டர்: இசைக்குழல். விடாமல் ஒலிக்கும் ட்ரோன்: சுருதிக்குழல். பைப் பேண்ட்: துருத்திக்குழல் குழு. சரிதானா?

---

> பேக்பைப்: துருத்திக்குழல்

வேண்டாம் ஐயா. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப்பில் காற்றை ஊதுவது வாய். பை அதைத் தேக்கி வைக்கும், கை அழுத்தும். உண்மையிலேயே துருத்தி வைத்த வகைகள் வேறு உண்டு: அயர்லாந்தின் இல்லன் பைப், இங்கிலாந்தின் நார்த்தம்பிரியன் பைப். அந்தச் சொல்லை அவற்றுக்கு விட்டுவிடுவோம். பொதுப்பெயர் 'பைக்குழல்'.

ட்ரோனுக்கு நம்மிடம் 'ஒத்து' இருக்கிறதே! நாகசுரத்தோடு ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் கருவி. ஹைலேண்டில் மூன்று: ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இரண்டு, இரண்டு ஸ்தாயி கீழே ஒன்று. இடையொத்து, அடியொத்து எனலாம். சாண்டரில் இருப்பது இரட்டை நாணல், ஆகவே நாகசுரத்தின் நாணல் நாக்குக்கான 'சீவாளி' கச்சிதம். பைக்குழலின் ஒத்தில் ஒற்றை நாக்குதான். பெயரைப் பார்த்து அங்கும் சீவாளி என்று எழுதிவிட வேண்டாம்.

---

'இசைக்குழல்' எந்தக் குழலுக்கும் பொருந்தும். 'பண்குழல்' என்கிறேன். ஒன்பது சுரங்கள், கீழ் நி முதல் மேல் ஸ வரை, ஏறத்தாழ ஹரிகாம்போதி. காற்று நிற்காததால் ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க நடுவே ஒரு நொடிச்சுரம் வெட்ட வேண்டும். அதற்கு 'வெட்டுச்சுரம்'.

விரல் பழகுவதற்கான, பையில்லாத 'பயிற்சிக்குழல்' என்பதையும் சேர்க்க வேண்டும். பாதிரியார் ஜோசப் வாடிங்டன் கிரேவ்ஸ் இங்கிலாந்தின் டேகனம் ஊரில் டேகனம் சிறுமியர் பைக்குழல் குழுவை 1930இல் தொடங்கினார். பொதுவில் வாசித்தது 1932இல்தான். பைக்குழல் கற்க அது நீண்ட காலமல்ல. விரல் முதலில், பை பிறகு. அழுத்தம் தளர்ந்தால் ஒத்துகளின் சுருதி ஆடும், மிஞ்சினால் சீவாளி கீச்சிடும் அல்லது அடைத்துக்கொள்ளும். பத்துப் பேர் வாசித்தால் முப்பது ஒத்துகள். ஒருவர் கை தளர்ந்தாலும் சுருதிகள் மோதி அலையடிப்பு கேட்கும். ஒத்தின் இணைப்பை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். பண்குழலில் சீவாளியை உள்ளே அழுத்தினால் ஏறும். ஒரு சுரம் மட்டும் சுருதி கூடி நின்றால் துளையின் மேல்விளிம்பில் நாடா ஒட்டுவார்கள்.

---

குழு அல்ல, 'அணி'. முரசுகளும் சேர்ந்து நடந்தபடி வாசிப்பவர்கள். பொதுச்சொல் 'மகளிர் பைக்குழல் அணி'. 'சிறுமியர்' டேகனம் போன்ற இயற்பெயர்களில் மட்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அணி 1936இல் ஆண்களோடு தொடங்கி, 1943இல் அவர்கள் போருக்குப் போனதால் மாணவியர் அணியானது. அவர்களைச் சிறுமியர் என்பது தப்பு.

டேகனத்துக்கு 'உலகின் முதல்' என்ற அடைமொழியும் வேண்டாம். கனடாவின் வான்கூவரில் 1927இலேயே ஒரு மகளிர் அணி இருந்தது. அணியை நடத்தும் பைப் மேஜருக்குக் 'குழலணித் தலைவர்' இருபாலுக்கும் போதும்.

சைடு டிரம்முக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. தயவுசெய்து யாரும் 'பக்கவாத்தியம்' என்று எழுதி வைக்காதீர்கள்.