ஜாக் ஹியூஸ் 18 வயதில் நேராக என்.எச்.எல். போனது சரியா, அவசரமா?

நியூவர்க்_வாசி

ஜாக் ஹியூஸ் ஆடும் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் ஆட்டம் பற்றிய இழையில் நானும் கணக்கப்பிள்ளையும் போட்ட சண்டை அங்கே எல்லாருக்கும் இடைஞ்சலாக இருப்பதால் தனி இழை திறந்துவிட்டேன். ஐஸ் ஹாக்கி அதிகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. (என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதல்நிலை ஹாக்கி லீக்.)

ஜாக் ஹியூஸ் 2001-இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் பிறந்தவர், டொராண்டோ பக்கம் வளர்ந்தவர், விளையாடுவது அமெரிக்காவுக்கு. மூன்று சகோதரர்களில் நடுப்பிள்ளை. மூவருமே டிராஃப்டின் (அணிகள் வருடாவருடம் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். அண்ணன் குவின் 2018-இல் ஏழாவது ஆளாக வான்கூவருக்கு, ஜாக் 2019-இல் முதல் ஆளாக நியூ ஜெர்சிக்கு, தம்பி லூக் 2021-இல் நாலாவது ஆளாக அதே நியூ ஜெர்சிக்கு. அண்ணனும் தம்பியும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆளுக்கு இரண்டு வருடம் ஆடிவிட்டு வந்தார்கள். ஜாக் மட்டும் காலேஜ் வாசலை மிதிக்காமல், தேசிய வளர்ச்சி அணியிலிருந்து நேராக 18 வயதில் என்.எச்.எல்.-க்குள் இறங்கினார்.

என்ன ஆனது? 2019-20 சீசனில் 61 ஆட்டத்தில் 21 புள்ளி. (கோலும், கோலுக்கு வழிசெய்த பாஸான அசிஸ்டும் சேர்ந்ததுதான் புள்ளி.) அதே வருடம் குவினுக்கும் முதல் முழு சீசன். 68 ஆட்டத்தில் 53 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பைக்குக் கடைசி மூன்று பேரில் ஒருவர். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. அம்மா எலன் அமெரிக்க தேசிய அணிக்கே ஆடியவர், அப்பா ஜிம் டொராண்டோ அணியில் இளம் வீரர்களை வளர்க்கிற வேலை பார்த்தவர். பயிற்சியில் குறை சொல்ல வழியே இல்லை. இருவருக்கும் நடுவே மாறியது காலேஜ் ஒன்றுதான்.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை அரங்குக்குப் போய்ப் பார்த்தேன். கால் வேகம் அப்போதே கண்ணைப் பறிக்கும். ஆனால் ரிங்கைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையோரமாகப் பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) துரத்திப் போனால், பின்னால் வருகிற முப்பது வயது டிஃபென்ஸ்காரன் தோளை லேசாகச் சாய்ப்பான். அவ்வளவுதான், பையன் ஒரு பக்கம், பக் ஒரு பக்கம். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் "யாராவது அந்தக் குழந்தைக்குச் சாப்பாடு போடுங்கப்பா" என்று கத்தினார். ஒரே ஒரு வருடமாவது காலேஜில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கணக்கப்பிள்ளை

அண்ணா, பிரமாதமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கணக்கு தப்பு. 18 வயதுப் பையனை 20 வயது அண்ணனோடு நிறுத்தி அளந்திருக்கிறீர்கள். குவின் அந்த சீசன் ஆரம்பித்த இரண்டே வாரத்தில் 20-ஐத் தொட்டுவிட்டார். ஒப்பிடுவதென்றால் வயதுக்கு வயது ஒப்பிடுங்கள். ஜாக்கின் 20 வயது சீசன் 2021-22. அதில் 49 ஆட்டத்தில் 56 புள்ளி. அடுத்த சீசனில் 43 கோல், 99 புள்ளி, நியூ ஜெர்சி வரலாற்றிலேயே ஒரு சீசனில் ஒருவர் எடுத்த அதிகபட்சம். இதில் எதைத் தொலைத்தார்?

அந்த முதல் வருடம் அணி இருந்த லட்சணத்தையும் சொல்லுங்கள். டிசம்பர் பிறந்ததும் பயிற்சியாளரை நீக்கினார்கள், இரண்டு வாரம் கழித்து நட்சத்திர வீரர் டெய்லர் ஹாலை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். வீடு எரியும்போது உள்ளே குடிவந்த பையனைப் பார்த்து "நீ ஏன் நன்றாகத் தூங்கவில்லை" என்று கேட்கிறீர்கள்.

ஸ்கார்பரோ_சேகரன்

இரண்டு பேரும் சகோதரர்களையே வைத்துக் கதைக்கிறீர்கள். அதைவிட நல்ல சோதனை ஒன்று கண் முன்னாலேயே இருக்கு. ஜாக்கின் வகுப்புத் தோழர்களைப் பாருங்கோ.

அமெரிக்க ஹாக்கி சங்கம் 1996-இல் தொடங்கிய தேசிய வளர்ச்சித் திட்டம், இப்போது மிச்சிகனின் பிளிமத் நகரில் இயங்குது. நாடு முழுவதிலுமிருந்து பதினாறு வயசுப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து இரண்டு வருடம் ஒன்றாக ஆடவைப்பார்கள். பிள்ளைகள் தாய் தகப்பனை விட்டு வேறொரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்கூடம் போவார்கள். 2019 டிராஃப்டில் அந்த ஒரே அணியிலிருந்து எட்டுப் பேர் முதல் சுற்றிலேயே போனார்கள். ஜாக்கைத் தவிர மற்ற ஏழு பேரும் காலேஜுக்குத்தான் போனவை.

கோல் காஃபீல்ட் விஸ்கான்சினில் இரண்டு வருடம். 2021-இல் காலேஜ் ஹாக்கியின் மிக உயர்ந்த விருதான ஹோபி பேக்கரை வாங்கி, அதே வருடம் மாண்ட்ரியலோடு என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் இறுதி வரைக்கும் போனார். மேத்யூ போல்டி பாஸ்டன் காலேஜில் இரண்டு வருடம், பிறகு கொஞ்ச நாள் கீழ்நிலை லீக், 2022 ஜனவரியில் மினசோட்டாவுக்கு வந்து 47 ஆட்டத்தில் 39 புள்ளி. ஒருவரும் அவசரப்படவில்லை, ஒருவரும் கெட்டுப்போகவும் இல்லை.

கணக்கப்பிள்ளை

சேகரன் அண்ணை, அலெக்ஸ் டர்காட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஐந்தாவது ஆளாகப் போனவர், விஸ்கான்சினில் ஒரு வருடம் இருந்தவர். காயத்துக்கு மேல் காயம், 2024-25 வரைக்கும் லாஸ் ஏஞ்சலஸ் அணியில் ஒரு முழு சீசன் நிலைக்க முடியவில்லை. காஃபீல்டும் அந்த இறுதி ஆட்டத்துக்கு அடுத்த சீசனில் கோல் வராமல் மாண்ட்ரியலின் கிளை அணியான லவால் போய் ஆடித்தான் திரும்பினார். காலேஜ் என்ன காப்பீட்டுப் பத்திரமா?

ஸ்கார்பரோ_சேகரன்

டர்காட்டுக்குக் காயம் வந்தது காலேஜாலா, தம்பி?

கணக்கப்பிள்ளை

ஜாக் முதல் வருடம் தடுமாறியது மட்டும் காலேஜ் போகாததாலா, அண்ணை?

புதுசு_2024

சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன், ஒரு சந்தேகம். காலேஜில் அப்படி என்னதான் கிடைக்கிறது? என்.எச்.எல்.-இல் பெரிய ஆட்களோடு ஆடினால்தானே சீக்கிரம் கற்றுக்கொள்ள முடியும்?

நியூவர்க்_வாசி

நல்ல கேள்வி. ஜாக் வந்தபோது என்.எச்.எல்.-இல் சீசனுக்கு 82 ஆட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள், நடுவே விமானப் பயணம். உடம்பை ஏற்ற நேரமே கிடையாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு. காலேஜில் சீசனுக்கு 35, 40 ஆட்டம், பெரும்பாலும் வெள்ளியும் சனியும். திங்கள் முதல் வியாழன் வரை எடை தூக்கு, சாப்பிடு, தூங்கு, ஐஸில் இறங்கி ஒரே அசைவை நூறு தடவை செய். எதிரே ஆடுபவர்களும் 22, 23 வயதுக்காரர்கள், சிறுவர்கள் இல்லை.

லேன் ஹட்சனைப் பாருங்கள். 5 அடி 9 அங்குலம். டிராஃப்டுக்கு முன்னால் "இவன் இன்னும் வளர்வான்" என்று டாக்டர் கடிதத்தோடு அணிகளைச் சந்தித்த பையன். 2022-இல் 62-ஆவது ஆளாகத்தான் மாண்ட்ரியல் எடுத்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, 2024-25-இல் 82 ஆட்டமும் ஆடி 66 புள்ளி, கால்டர் கோப்பை. அவர் கொடுத்த 60 அசிஸ்ட், புதுமுக டிஃபென்ஸ்காரர்களில் லாரி மர்ஃபியின் பழைய சாதனைக்குச் சமம். அவரையும் 18 வயதில் இறக்கியிருந்தால் பலகையில் ஒட்டவைத்திருப்பார்கள்.

கணக்கப்பிள்ளை

62-ஆவது ஆளை 18 வயதில் யாரும் கூப்பிடவே மாட்டார்கள். ஹட்சனுக்குக் காலேஜைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை. ஜாக்குக்கு முன்னால் இருந்தது வேறு மேசை. 2019-இல் காலேஜ் வீரர் விளம்பரத்துக்குத் தன் பெயரை விற்று ஒரு டாலர் வாங்க முடியாது, அந்த விதி 2021-இல்தான் தளர்ந்தது. இந்தப் பக்கம் வருடம் 9,25,000 டாலர் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் போனஸ். முதல் ஒப்பந்தம் மூன்று வருடம், எவ்வளவு சீக்கிரம் அது முடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் பெரிய பணம். ஏழு சீசன் முடித்தாலோ 27 வயது ஆனாலோ எந்த அணிக்கும் போகலாம். 18-இல் ஆரம்பித்தவனுக்கு அந்தக் கதவு 25-இல் திறக்கும்.

நியூவர்க்_வாசி

பணத்துக்கு வந்தீர்களா, வாருங்கள். இதைத்தான் எதிர்பார்த்தேன்.

25-இல் திறக்கவேண்டிய அந்தக் கதவை ஜாக்கே பூட்டிவிட்டாரே! 2021 நவம்பரில் எட்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார், வருடத்துக்கு 8 மில்லியன் டாலர், 2030 வரை. அப்போது அணிகளின் சம்பள வரம்பு 81.5 மில்லியன், 2025-26-இல் 95.5. ஒரு வருடம் காலேஜில் இருந்திருந்தால் முதல் ஒப்பந்தம் எப்போது முடிந்திருக்கும்? 2023 கோடையில். அதாவது 99 புள்ளி எடுத்த கையோடு! அந்தக் கோடையில் அவர் பேரம் பேச உட்கார்ந்திருந்தால் 8 மில்லியனுக்கு யாராவது வாய் திறந்திருப்பார்களா? 2025 அக்டோபரில் தம்பி லூக் 9 மில்லியன் வாங்கினார், அதுவரை ஒரு சீசனில்கூட 50 புள்ளி தொடாதவர். வீட்டில் நூற்றுக்கு ஒன்று குறைவாக எடுத்தவனுக்குத் தம்பியைவிடச் சம்பளம் குறைவு. சாப்பாட்டு மேசையில் எப்படி ஓட்டுவார்களோ!

கணக்கப்பிள்ளை

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு முன்னால் நடந்ததைத் திட்டுகிறீர்கள். கையெழுத்துப் போட்ட நேரத்தில் அவர் கையில் இருந்தது என்ன? முதல் இரண்டு சீசனில் 117 ஆட்டம், 52 புள்ளி. மூன்றாவது சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே தோள் நழுவி ஒரு மாதத்துக்கு மேல் ஓய்வு. அந்த நிலையில் 64 மில்லியனை மேசையில் வைத்தால் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்றால் பேனா கேட்டு ஓடியிருப்பேன். அதன் பிறகும் தோள் படுத்திய பாட்டைப் பாருங்கள், 2024-இல் ஒரு அறுவை சிகிச்சை, 2025 மார்ச்சில் இன்னொன்று. ஒவ்வொரு வருடமாகப் பேரம் பேசியிருந்தால் யார் கை மேலே இருந்திருக்கும்?

அப்புறம், 99 புள்ளி மட்டும் தானாக வந்ததா? முதல் இரண்டு வருடம் வாங்கிய அடிதான் அதற்குக் கொடுத்த விலை. அந்த அடியையும் எடுத்துவிட்டு 99-ஐயும் வைத்துக்கொள்ள முடியாது.

நியூவர்க்_வாசி

அடி வாங்கியதால்தான் தேறினார் என்பதைத்தான் நான் ஒப்பவில்லை. தேதிகளைப் பாருங்கள். 2020 மார்ச் 12-இல் கோவிட்டால் லீக் நின்றது. கோடையில் மீண்டும் ஆரம்பித்தபோது 24 அணிகளைத்தான் அழைத்தார்கள், நியூ ஜெர்சி அதில் இல்லை. ஆக 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை, பத்து மாதம், ஜாக்குக்கு ஆட்டமே கிடையாது. எடை தூக்கினார், சாப்பிட்டார், பயிற்சி செய்தார். திரும்பி வந்தபோது பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது, அதே பையனைப் பலகையோரம் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. 56 ஆட்டத்தில் 31 புள்ளி, அதற்கு அடுத்த வருடம் வெடிப்பு.

காலேஜ் கொடுக்கும் என்று நான் சொன்னது எதை? ஆட்டம் குறைந்த, உடம்பைத் தேற்றும் காலத்தை. அவருக்கு அதை மிச்சிகன் கொடுக்கவில்லை, கொள்ளைநோய் கொடுத்தது.

ஸ்கார்பரோ_சேகரன்

இது நல்ல புள்ளி. நான் யோசிக்கவே இல்லை.

கணக்கப்பிள்ளை

ம்ம். இதற்கு உடனே பதில் இல்லை. ஒன்று மட்டும். 2019-20-இல் காலேஜில் இருந்திருந்தாலும் அந்த மார்ச்சில் அங்கேயும் கதவு அடைத்தார்கள், தேசியப் போட்டியே ரத்து. ஆக அந்த வருடம் காலேஜில் கழிந்திருந்தால் கோப்பையும் இல்லை, என்.எச்.எல். அனுபவமும் இல்லை, பத்து மாத ஓய்வு மட்டும் எப்படியும் கிடைத்திருக்கும்.

எனக்கு அதைவிட உறுத்துவது மூன்றாவது வழி. கனடிய ஜூனியர் லீக்கிலிருந்து வரும் 18 வயதுக்காரனைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது, என்.எச்.எல். இல்லாவிட்டால் ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ஜாக் அமெரிக்கத் திட்டத்திலிருந்து வந்தவர், அவருக்கு அந்தத் தடை கிடையாது. பிங்ஹாம்டனில் அணியின் கிளை இருந்தது. மூன்று மாதம் அங்கே ஆடவிட்டிருக்கலாம். முதல் ஆளாக எடுத்தவனைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினால் டிக்கெட் விற்காது என்று நினைத்தார்கள் போல. தப்பு பையன்மீது இல்லை, அணி நிர்வாகத்தின்மீது.

புதுசு_2024

அப்படியென்றால் ஆஸ்டன் மேத்யூஸ்? அவரும் காலேஜ் போகவில்லையே.

ஸ்கார்பரோ_சேகரன்

அவர் ஆடும் டொராண்டோவில் இருக்கிற எங்களுக்கே விடுங்கோ அந்தக் கதையை. அரிசோனாவில் வளர்ந்த பிள்ளை, பிறந்தது 1997 செப்டம்பர் 17. டிராஃப்டுக்கு எல்லை செப்டம்பர் 15. இரண்டு நாளால் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த வருடத்தைக் காலேஜிலும் கழிக்காமல், ஜூனியரிலும் கழிக்காமல், சுவிட்சர்லாந்தின் சூரிக் போய் வளர்ந்த ஆட்களோடு ஆடினார். 36 ஆட்டத்தில் 24 கோல். பிறகு 2016 அக்டோபரில் எங்கட டொராண்டோ லீஃப்ஸுக்கு முதல் ஆட்டத்திலேயே நாலு கோல். அப்படியும் ஆட்டத்தைத் தோற்றோம், எங்கட அணி அல்லவா. அவர் வரும்போது 19, ஜாக் வரும்போது 18. அந்த ஒரு வருடம்தான் இங்கே முழுச் சண்டையும்.

நியூவர்க்_வாசி

அதேதான். இரண்டு வருடம் வேண்டும் என்று ஆரம்பத்தில் மனதில் வைத்திருந்தேன், அதை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒன்றை விடமாட்டேன். மாக்லின் செலிப்ரினி கனடாக்காரர்தான், ஆனாலும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருடம் ஆடிவிட்டு, 2024-இல் முதல் ஆளாகப் போய், முதல் சீசனில் 70 ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்தார்.

கணக்கப்பிள்ளை

2025-இல் முதல் ஆளாகப் போன மேத்யூ ஷேஃபர் 18 வயதில் நேராக நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு வந்து ஆடினாரே, அதுவும் டிஃபென்ஸில். அதே டிராஃப்டில் ஏழாவதாகப் போன ஜேம்ஸ் ஹேகன்ஸ் பாஸ்டன் காலேஜுக்கே திரும்பினார். அவனவன் உடம்பு, அவனவன் அணி. உங்கள் "ஒன்று" எல்லாருக்கும் பொருந்தும் அளவுச் சட்டை இல்லை, அண்ணா. ஜாக்குக்கு வேண்டுமானால் பொருந்தியிருக்கலாம். அவ்வளவுதான் தருவேன்.

நியூவர்க்_வாசி

அவ்வளவு போதும், பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

ஸ்கார்பரோ_சேகரன்

சரி, நான் வாறன். மருமகனைக் காலமை ஐந்தரைக்கு ரிங்கில் கொண்டுபோய் இறக்கவேணும், வெளியில் மைனஸ் பதினெட்டு. அவனுக்குப் பதினொரு வயசு. 64 மில்லியன் என்று நீங்கள் எழுதினதை அவன்ட தகப்பனுக்குக் காட்டமாட்டேன்.