டயாலிசிஸ்: ராத்திரி தூக்கமே இல்லை, தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

மதுரைப்பொண்ணு:
அப்பாவுக்கு வயது 61. வாரம் ரெண்டு டயாலிசிஸ், 4 மணி நேரம். ட்ரை வெயிட் (அதிகப்படி தண்ணி எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) 60 கிலோ. ஒவ்வொரு தடவையும் அடுத்த டயாலிசிஸுக்குள்ள 3.5 கிலோ தண்ணி ஏறிடுது. படுத்ததும் காலுக்குள்ள ஏதோ ஊருற மாதிரி குடைச்சல், எழுந்து நடந்தா அடங்குது. பலத்த குறட்டையும் உண்டு. அரிப்புக்கு ராத்திரி ஏவில் போடுறார். தூக்க மாத்திரை கேட்கலாமா?

ஃபிஸ்டுலா63:
நடந்தா அடங்குதுன்னா அது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், காலை அசைக்காம இருக்க முடியாத பிரச்சினை. தசைப்பிடிப்புன்னா ஆடுசதை கல்லா இறுகும், அது வேற. ஏவில் இந்தக் குடைச்சலைக் கிளப்பிவிடும். வாந்திக்குக் கொடுக்கிற பெரினார்மும் அப்படித்தான். மாத்து மருந்து டாக்டர்கிட்ட கேளுங்க. அரிப்புக்கு பாஸ்பரஸ் அளவையும் பார்க்கணும். சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பரஸைப் பிடிச்சுக்கிற பைண்டர் மாத்திரையை சாப்பாட்டோட போடாம வெறும் வயித்துல போட்டா பிரயோஜனமே இல்ல.

அடுத்த தடவை மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து உடம்புல இரும்புச்சத்து எவ்வளவுன்னு காட்டுற ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் ரெண்டும் பார்க்கச் சொல்லுங்க. ஃபெரிட்டின் 200-க்குக் கீழ, சாச்சுரேஷன் 20%-க்குக் கீழ இருந்தா அயர்ன் ஊசியிலயே குடைச்சல் குறைய வாய்ப்பு இருக்கு. ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள்ள எடுத்தா அளவு கூடுதலா காட்டும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து விட்டுடாதீங்க.

மதுரைப்பொண்ணு:
நன்றி சார். பக்கத்து பெட்காரர் இதே குடைச்சலுக்கு கபாபென்டின் மாத்திரை 300 மி.கி. தினமும் போடுறாராம். அது?

ஃபிஸ்டுலா63:
அவருக்கு எழுதினதை இவருக்குக் கொடுக்காதீங்கம்மா. அது கிட்னி வழியாத்தான் வெளியேறும். டயாலிசிஸ்காரங்களுக்குப் பொதுவா 100 மி.கி.யில ஆரம்பிப்பாங்க, அதுவும் டயாலிசிஸ் முடிஞ்ச பிறகு. முன்னாடி போட்டா மெஷினே கழுவிடும். அளவு கூடி உடம்புல தேங்கினா தள்ளாட்டம், கை உதறல், பேச்சுக் குழறல்.

உப்புக்கணக்கு:
குறட்டையை யாரும் கவனிக்கலையே. ஏறின தண்ணி பகல்ல கால்ல நிக்கும். படுத்தா கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுக்குழாயை நெருக்கும். ராத்திரி பக்கத்துல இருந்து பாருங்க: குறட்டை நின்னு, 10 வினாடிக்கு மேல மூச்சே இல்லாம, திடுக்குனு இழுத்து விடுறாரா? அப்படின்னா ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது) டெஸ்ட் எடுக்கணும். தெரியாம தூக்க மாத்திரை கொடுத்தா மூச்சு நிக்கிறது இன்னும் மோசமாகலாம்.

3.5 கிலோ தண்ணியை 4 மணி நேரத்துல எடுத்தா, உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு மணிக்கு 14.6 மி.லி. 13-க்குள்ள இருக்கிறது நல்லது; மேல போனா பி.பி. இறங்கும், தசை பிடிக்கும். ஏறுற எடையை ட்ரை வெயிட்ல 4%, அதாவது 2.4 கிலோவுக்குள்ள கொண்டுவரப் பாருங்க. வாரத்துல மூணாவது டயாலிசிஸ் முடியுமான்னும் நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்)கிட்ட கேளுங்க. தண்ணியை மட்டும் அளந்தா தாகம் அடங்காது. ஊறுகாய், அப்பளம், கருவாடு நிக்கணும். இந்துப்பு பரவாயில்லைன்னு யாராவது சொல்வாங்க. அதுவும் சோடியம்தான்.