மெயில் சர்வரில் த்ரெட் மெமரி: ஸ்டாக்கைக் குறைப்பதா, பூலைக் குறைப்பதா?

ஜாவாவில் ஓடும் மெயில் சர்வர், உபுண்டு 22.04, 8 கோர், 16 ஜிபி ராம். ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) 6 ஜிபிதான், ஆனால் புராசஸ் 13 ஜிபி வரை பிடிக்கிறது. போன மாதம் பயனர்கள் கூடியதிலிருந்து, காலையில் ஐமேப் த்ரெட்கள் (மெயில் படிக்கும் இணைப்புகளைக் கவனிக்கும் வேலை இழைகள்) 900-ஐத் தாண்டியதும் ஸ்வாப் (ராம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) ஆரம்பித்து, இன்பாக்ஸ் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. ஹீப் டம்ப் (ஹீப்பின் நகல்) சுத்தமாக இருக்கிறது, லீக் இல்லை.

த்ரெட் ஸ்டாக்கை (ஒவ்வொரு த்ரெட்டும் தன் ஃபங்ஷன் அழைப்புகளுக்கு வைத்துக்கொள்ளும் மெமரி) 1 எம்பியிலிருந்து 256 கேபியாகக் குறைத்தேன். ஃபார்வர்டுக்குள் ஃபார்வர்டாக வரும் மெயில்களைப் பிரிக்கும்போது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. திரும்ப 1 எம்பிக்கே வைத்துவிட்டேன். அப்புறம் ஜிலிப்சி (glibc, லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) அரீனா (த்ரெட்களுக்கு மெமரி ஒதுக்கும் தனித்தனிப் பகுதி) வரம்பை 2 ஆக்கினேன் (8 கோருக்கு இயல்பு வரம்பு 64). மெமரி 10 ஜிபிக்கு இறங்கியது, நல்ல பலன்தான். ஆனால் நெரிசல் நேரத்தில் லாகின் மந்தமாகிறது.

அரீனாவை 4 ஆக்கி ஸ்டாக்கை 512 கேபியில் வைப்பதா, இல்லை ஸ்டாக்கைத் தொடாமல் த்ரெட் பூலையே (ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்களின் தொகுப்பு) குறைப்பதா? இதே அளவு சர்வரில் உங்களுக்கு எது கைகொடுத்தது?