பையனுக்குப் பேர் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், காசிமேட்டுலேருந்து எழுதுறேன். பையன் பொறந்து 11 நாள் ஆகுது. மிருகசீரிஷம். வே, வோ, கா, கி-யில பேர் வைக்கணும்னு மாமியார் ஆசைப்படுறாங்க.

எங்கப்பா கடலுக்குப் போனவரு. 1923-லயே மெட்ராஸ்ல மே தினம் கொண்டாடின சிங்காரவேலர் மீனவர் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாரு. இப்போ அவர் இல்ல. அதனால பேர்ல 'வேல்' இருக்கணும்னு எனக்கு. வேலன், வேலவன் ரெண்டும் சொந்தத்துலயே இருக்கு. நேத்து ராத்திரி என் விரலை இறுக்கிப் பிடிச்சிட்டுத் தூங்குறான், கூப்பிட ஒரு பேர் இல்லையேன்னு அழுகையே வந்துடுச்சு.

பிறப்புச் சான்றிதழ்ல பேர் சேர்க்க 12 மாசம் வரை கட்டணம் இல்ல, அதுக்கு அவசரமில்ல. ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை தொட்டில் போடுறோம். வேல் வர்ற மாதிரி, கூப்பிடச் சின்னதா, நல்ல தமிழ்ப் பேர் தெரிஞ்சா சொல்லுங்க அக்கா, அண்ணா.