கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் டி டெஸ்ட்ல ஏன் வரமாட்டேங்குது? குச்சிக்கெழங்கு பாயிண்ட் கணக்கு, உதவி பண்ணுங்க

வாழப்பாடி_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலத்துல பிபிஏ ரெண்டாம் வருஷம் படிக்கறேன், ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒரே ஒரு பேப்பர் தான் படிச்சிருக்கேன். வீட்ல குச்சிக்கெழங்கு (மரவள்ளி) வெள்ளாமை. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஆலைக்கு லோடு போனா அங்க கொஞ்சம் கெழங்கு எடுத்து மொதல்ல காத்துல எடை போட்டு அப்புறம் தண்ணிக்குள்ள முக்கி எடை போட்டு மாவு எவ்வளவு இருக்குன்னு பாயிண்ட் சொல்லுவாங்க, அந்த பாயிண்ட வெச்சுத்தான் வெல, அதனால அரை பாயிண்ட் கொறஞ்சாக்கூட லோடு முழுக்க அடிவாங்கும். அப்பாவுக்கு ரொம்ப நாளா ஆலைத் தராசு மேல சந்தேகம். இந்த வருஷம் அப்பாவும் பெரியப்பாவும் காசு போட்டு அதே மாதிரி ஒரு பாயிண்ட் தராசு வாங்கிட்டாங்க. ஒவ்வொரு லோடுலயும் அஞ்சு கிலோ எடுத்து வீட்ல பாயிண்ட் பாத்துட்டு அதே அஞ்சு கிலோவ தனி சாக்குல கட்டி அனுப்பி ஆலையிலயும் அதையே போடச் சொன்னோம், அவங்களும் மறுக்காம போட்டுக் குடுத்தாங்க. (ஆலை பேரு வேண்டாம்ங்க, யாரும் கேக்காதீங்க.)

பத்து லோடு, மொதல்ல வீடு அப்புறம் ஆலை:

27.5, 26.8
24.0, 23.6
29.2, 28.3
22.6, 22.4
26.1, 25.3
30.0, 29.4
25.3, 25.4
23.4, 22.7
28.0, 27.5
26.9, 26.1

பத்துல ஒம்பது தடவ ஆலையில கம்மி. வீட்டு சராசரி 26.30, ஆலை சராசரி 25.75. ரெண்டு சராசரிக்கும் நெஜமாவே வித்தியாசம் இருக்கான்னு பாக்க எக்ஸெல்ல டி.டெஸ்ட் போட்டேன், கடைசியில 2 (டூ டெயில், அதாவது கூடவோ கொறையவோ ரெண்டு பக்கமும்), 3 (டெஸ்ட் வகை)னு குடுத்தேன், பி வேல்யூ 0.62 வருது. 0.05க்கு கீழ வந்தாத்தான் வித்தியாசம்னு படிச்சிருக்கேன், அப்ப வித்தியாசமே இல்லன்னு தானே அர்த்தம்? அப்பாகிட்ட இதச் சொன்னா என் படிப்பு மேலயே நம்பிக்கை போயிரும். எங்க தப்பு பண்றேன்?

அஸ்தம்பட்டி_அருண்

சாம்பிள் பத்தாது தங்கச்சி. 30க்கு மேல இருந்தாத்தான் டெஸ்ட் வேல செய்யும்னு எங்க சார் சொல்லுவாரு. இல்லன்னா ஒன் டெயில் (ஒரு பக்கம் மட்டும்) போட்டுப் பாரு, பி பாதியாயிரும்.

வாழப்பாடி_பொண்ணு

ஒன் டெயில் போட்டாலும் 0.31 தான்ண்ணா வருது. 30 வேணும்னா ஒவ்வொரு அஞ்சு கிலோவையும் மூணு மூணு தடவ முக்கி எடுத்தா 30 ஆயிருமே, அப்படிப் பண்ணலாமா?

புள்ளியியல்_வாத்தி

பண்ணாதம்மா. ஒரே கெழங்க மூணு தடவ முக்கினா உனக்குக் கெடைக்கறது மூணு லோடு இல்ல, ஒரே லோட மூணு தடவ பாத்தது தான். அந்த மூணையும் சராசரி போட்டு ஒரு நம்பரா எழுதலாம், அது நல்லது, ஆனா லோடு எண்ணிக்கை பத்து பத்தாத்தான் இருக்கும்.

அருண் தம்பி, 30ங்கறது கட்டாயம் இல்ல. டி டெஸ்ட் பொறந்ததே சின்ன சாம்பிளுக்காகத்தான். அதக் கண்டுபுடிச்ச காஸெட் டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனியில வேல பாத்தவரு, அங்க அவருக்குக் கெடைச்சதெல்லாம் கையளவு அளவீடு தான், அத வெச்சு எப்படி முடிவு பண்றதுன்னு யோசிச்சு 1908ல ஸ்டூடன்ட்ங்கற புனைபேர்ல கட்டுரை போட்டாரு. ஒன் டெயிலும், டேட்டாவப் பாக்கறதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் மட்டும் தான் கேள்வின்னு முடிவு பண்ணிருந்தா சரி, பி பெருசா வருதேன்னு அப்புறமா மாத்தறது நம்மள நாமளே ஏமாத்திக்கறது.

இப்ப உன் தப்புக்கு வர்றேன்மா, அது அந்த கடைசி 3ல தான் இருக்கு. 3னு குடுத்தா எக்ஸெல் என்ன நெனைச்சுக்கும்னா, வீட்ல பாத்த பத்து கெழங்கு வேற, ஆலையில பாத்த பத்து கெழங்கு வேற, ரெண்டும் சம்பந்தமில்லாத ரெண்டு கூட்டம்னு நெனைச்சுக்கும். ஆனா நீ ரெண்டு எடத்துலயும் போட்டது அதே அஞ்சு கிலோ. உன் லோடுங்களப் பாரு, ஒண்ணு 22.6, ஒண்ணு 30.0, காட்டுக்குக் காடு அவ்வளவு ஏத்த எறக்கம். தராசுக்கு தராசு இருக்கற வித்தியாசம் அரை பாயிண்ட், காட்டுக்கு காடு இருக்கற வித்தியாசம் ஏழு பாயிண்ட். இந்த ஏழுக்குள்ள அந்த அரை முங்கிப் போச்சு, அவ்வளவு தான் விஷயம்.

ஜோடி ஜோடியா கழிச்சிரு. 0.7, 0.4, 0.9, 0.2, 0.8, 0.6, மைனஸ் 0.1, 0.7, 0.5, 0.8. காடு எப்படி இருந்தாலும் கழிக்கறப்ப அது அடிபட்டுப் போயிருது பாத்தியா. மொத்தம் 5.5, சராசரி 0.55. இந்தப் பத்து நம்பரோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது சராசரியச் சுத்தி எவ்வளவு சிதறியிருக்குங்கறது, 0.31, அத ரூட் பத்தால வகுத்தா 0.098. 0.55ஐ 0.098ஆல வகு, 5.6 வரும். டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது ஜோடி எண்ணிக்கையில ஒண்ணு கம்மி, 9. பி கிட்டத்தட்ட 0.0003. இது தான் பேர்ட் டி டெஸ்ட். எக்ஸெல்ல கடைசி 3க்குப் பதிலா 1னு போடு, இதே வரும்.

வாழப்பாடி_பொண்ணு

சார்!! வந்துருச்சு, 0.0003. ஒரு நம்பர் மாத்தினதுக்கு 0.62 எங்க இது எங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதப் போட்டு ஒழப்பிட்டு இருந்தேன்.

ஆர்_அடிக்கும்_அக்கா

உனக்கு மட்டும் இல்லம்மா, காஸெட்டோட அந்த 1908 கட்டுரையிலயே இதே கதை தான். பத்து நோயாளிங்களுக்கு ரெண்டு தூக்க மருந்து மாத்தி மாத்திக் குடுத்து எவ்வளவு நேரம் கூடுதலா தூங்குனாங்கன்னு ஒரு டேட்டா. ஆர்ங்கற ஸ்டாடிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் வெச்சிருந்தீன்னா அதுக்குள்ளயே ஸ்லீப்ங்கற பேர்ல இருக்கு. ரெண்டு தனித்தனி கூட்டமா நெனைச்சு டெஸ்ட் போட்டா பி 0.079, அதே ஆளுங்கன்னு ஜோடி போட்டா 0.0028. ஒக்காந்து ரெண்டையும் ஒரு தடவ போட்டுப் பாரு, ஜென்மத்துக்கும் மறக்காது.

அப்பாவுக்குப் புரியணும்னா டி டெஸ்டே வேண்டாம், காசு சுண்டிக் காட்டு. ரெண்டு தராசும் ஒண்ணுன்னா ஒவ்வொரு லோடுலயும் வீடு ஜாஸ்தியா ஆலை ஜாஸ்தியாங்கறது பூவா தலையா மாதிரி. பத்து தடவ சுண்டினா மொத்தம் 1024 விதமா விழலாம், அதுல ஒம்பதோ பத்தோ ஒரே குறிப்பிட்ட பக்கம் விழறது 11 விதம் தான், எந்தப் பக்கமா இருந்தாலும் சரின்னா 22. 22ஐ 1024ஆல வகுத்தா 0.021. வித்தியாசத்தோட அளவையே பாக்காம வெறும் கூட்டல் கழித்தல் குறிய மட்டும் வெச்சே இவ்வளவு தெரியுது. இதுக்கு சைன் டெஸ்ட்னு பேரு.

ஏற்காடு_காபிக்காடு

நடுவுல பூந்துட்டேன் மன்னிச்சுக்கங்க. வாத்தியாரே, நம்மது மஞ்சக்குட்டைப் பக்கம் அராபிகா. ஒரு பட்டியில (தோட்டத்துல ஒரு பகுதி) நெழல் மரத்த நல்லா கவாத்து பண்ணிட்டோம், இன்னொரு பட்டியில அப்படியே விட்டுட்டோம். ரெண்டுலயும் 200 செடி பாத்து எத்தன செடியில தண்டுத்துளைப்பான் விழுந்திருக்குன்னு எண்ணி வெச்சிருக்கேன். நானும் இந்த ஜோடி டெஸ்ட் போடலாங்களா?

புள்ளியியல்_வாத்தி

இல்லீங்க. ஒரு பட்டியோட மொதல் செடிக்கும் இன்னொரு பட்டியோட மொதல் செடிக்கும் என்ன ஒறவு, ஒண்ணும் இல்ல, அதனால ஜோடி கெடையாது. அதோட உங்களோடது விழுந்துச்சா விழலையாங்கற எண்ணிக்கை, பாயிண்ட் மாதிரி அளந்த நம்பர் இல்ல, அதுக்கு ரெண்டு விகிதத்த ஒப்பிடற டெஸ்ட் இல்லன்னா கை ஸ்கொயர். ஆனா ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க, கவாத்து பண்ணின பட்டி ஒண்ணு, பண்ணாத பட்டி ஒண்ணு தான். 200 செடி எண்ணினாலும் வித்தியாசம் நெழலால வந்துச்சா, சரிவால வந்துச்சா, செடியோட வயசால வந்துச்சான்னு அந்த டெஸ்ட்டால பிரிச்சுச் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டக்காரங்க நாலு பேர சேத்துக்கிட்டு ஆளுக்கு ரெண்டு பட்டி அதே மாதிரி விட்டீங்கன்னா அப்ப தோட்டத்துக்குத் தோட்டம் ஜோடி போடலாம்.

வாழப்பாடி_பொண்ணு

அப்பாகிட்ட காட்டிட்டேன். நாளைக்கே ஆலைக்குப் போறேங்கறாரு, நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தியாங்கறாரு. சார், 0.0003ன்னா தராசுல தப்பு பண்றாங்கங்கறது 99.97 சதவீதம் உறுதின்னு எழுதிக் குடுக்கலாமா?

புள்ளியியல்_வாத்தி

கண்ணு, அப்பாவ ஒரு நாள் இருக்கச் சொல்லு.

பி வேல்யூ சொல்றது இது மட்டும் தான்: ரெண்டு எடத்துலயும் உண்மையில ஒரே பாயிண்ட் தான்னு வெச்சுக்கிட்டா, இந்த அளவுக்கோ இதுக்கும் மேலயோ வித்தியாசம் சும்மா தற்செயலா வர்றது பத்தாயிரத்துல மூணு தடவ. அதனால தற்செயல் இல்லங்கறது சரி. ஏன் வந்துச்சு, யாரு பண்ணினாங்கங்கறத அந்த நம்பர் சொல்லவே சொல்லாது. தப்பு அவங்க தராசுல இருக்கலாம், உங்க தராசுல இருக்கலாம், தராசே சரியா இருந்து போடற விதத்துல இருக்கலாம். எனக்கு உன் டேட்டாவுல ரெண்டு வரி உறுத்திட்டே இருக்கு. மத்ததெல்லாம் 0.4லேர்ந்து 0.9 வரைக்கும் இருக்கறப்ப நாலாவது லோடு 0.2, ஏழாவது லோடு மைனஸ் 0.1. அந்த ரெண்டு லோடும் யார் காட்டுது, என்ன மண்ணு? இன்னொண்ணு, கெழங்க கழுவித்தான் போடறீங்களா?

வாழப்பாடி_பொண்ணு

நாலும் ஏழும் மாமாவோட காடு சார், வசிஷ்ட நதி ஓரம், மணல் பாங்கு. மத்ததெல்லாம் எங்க பக்கம் செம்மண்ணு, ஈரமா இருந்தா அப்பிக்கும். வீட்ல கழுவறது இல்ல, சாக்குல தட்டி தட்டி மண்ண உதுத்துட்டுப் போடுவோம். தண்ணிக்குள்ள எறக்கறது ஒரு தகரத் தட்டுல வெச்சு. ஆலையில... அப்பாவக் கேட்டேன், அங்க தொட்டியில அலசிட்டுத்தான் போடறாங்களாம்.

புள்ளியியல்_வாத்தி

அதான். மண்ணு தண்ணியவிட கிட்டத்தட்ட 2.65 மடங்கு கனம். 30 கிராம் மண்ணு தண்ணிக்குள்ள போனாலும் 19 கிராம் எடை காட்டும். அதே 30 கிராம் கெழங்கு தண்ணிக்குள்ள 3 கிராம் தான் காட்டும், ஏன்னா கெழங்கு தண்ணியவிட கொஞ்சம் தான் கனம். பாயிண்ட் முழுக்க அந்தத் தண்ணிக்குள்ள வர்ற எடைய வெச்சுத்தான், அது கூடுனா மாவு கூடன்னு தராசு நெனைச்சுக்கும். உதிர்ற மண்ணும் உங்க தட்டுலயே தங்கிரும். அஞ்சு கிலோவுக்கு ஒரு பிடி செம்மண்ணு ஒட்டியிருந்தாப் போதும், நீ பாக்கற அரை பாயிண்டு வந்துரும்னு நான் நெனைக்கிறேன். மணல் ஒட்டாது, அதனால ஆத்தோரக் காட்டுல வித்தியாசமும் இல்ல.

நான் சொல்றேன்னு நம்பாத, சோதிச்சுப் பாரு. இனி வர்ற லோடெல்லாம் வீட்லயும் அலசி, ஈரத்தத் தொடச்சுட்டு, அப்புறம் காத்துலயும் தண்ணியிலயும் போடு. எத்தன லோடு எடுக்கப் போறேன்னு இப்பவே இங்க சொல்லிரு, நடுவுல பி நல்லா வந்துச்சுன்னு நிறுத்தக் கூடாது.

வாழப்பாடி_பொண்ணு

எட்டு லோடு சார். அப்பா ஒத்துக்கிட்டாரு, மனசே இல்லாம தான்.

வாழப்பாடி_பொண்ணு

எட்டும் முடிஞ்சுதுங்க. ரெண்டு காட்டுக் கெழங்கும் இருக்கு, எல்லாத்தையும் நானே உக்காந்து தேங்கா நாரு வெச்சுத் தேச்சேன், தொட்டித் தண்ணி மூணு தடவ செவப்பா மாறிச்சு. வீட்டுலேர்ந்து ஆலையக் கழிச்சா: 0.1, மைனஸ் 0.2, 0.2, 0, 0.3, மைனஸ் 0.1, 0.1, 0. சராசரி 0.05. பேர்ட் டெஸ்ட் பி 0.41. அப்ப ரெண்டு தராசும் ஒண்ணுன்னு நிரூபணம் ஆயிருச்சா?

புள்ளியியல்_வாத்தி

பி பெருசா வந்துச்சுங்கறதுக்காக ஒண்ணுன்னு சொல்லிர முடியாதும்மா, உனக்கு மொதல்ல 0.62 வந்துச்சே, அப்ப வித்தியாசம் இல்லாமயா இருந்துச்சு. இந்த எடத்துல கான்ஃபிடன்ஸ் இன்டர்வல், அதாவது உண்மையான வித்தியாசம் எதுலேர்ந்து எது வரைக்கும் இருக்கலாம்ங்கற எல்லை, அது தான் பேசணும். போன தடவ 95 சதவீத இன்டர்வல் 0.33லேர்ந்து 0.77. இந்தத் தடவ மைனஸ் 0.08லேர்ந்து 0.18. அதாவது ஆலைத் தராசு கம்மியா காட்டினாக்கூட அது 0.18க்கு மேல இருக்க வாய்ப்பு கம்மி, பழைய அரை பாயிண்டு நிச்சயமா இல்ல. ரெண்டு இன்டர்வலும் ஒண்ண ஒண்ணு தொடக்கூட இல்ல பாரு.

வாழப்பாடி_பொண்ணு

இத அப்படியே அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் எழுந்து போயி தகரத் தட்ட எடுத்துட்டு கம்பிக் கூடை மாட்டிட்டாரு. பெரியப்பா மட்டும் அந்த 0.18அ விடமாட்டேங்கறாரு, வருஷத்துக்கு எத்தன லோடு போவுது, அதுவும் காசு தானேங்கறாரு. 0.1 பாயிண்ட் வித்தியாசம் இருந்தாலும் கண்டுபுடிக்கணும்னா எத்தன லோடு பாக்கணும் சார்?

புள்ளியியல்_வாத்தி

பெரியப்பா கேக்கறது நியாயமான கேள்வி. கழுவின பெறகு உன் வித்தியாசங்களோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.16. உண்மையிலயே 0.1 இருந்தா பத்துக்கு எட்டு தடவ மாட்டணும்னா கிட்டத்தட்ட 22 லோடு வேணும். அந்த எட்ட இதுல சேக்காம புதுசா 22 எடுங்க. தெனமும் தராசு முள்ளு சரியா பூஜ்யத்துல நிக்குதான்னு பாத்துட்டு ஆரம்பிக்கச் சொல்லு.

வாழப்பாடி_பொண்ணு

22 எழுதி வெச்சுட்டேன். மொத லோடு வியாழக்கெழமை, மாமா காட்டுலேர்ந்து.