ஆமிஷ் மக்கள் எது வேண்டும், எது வேண்டாம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

மின்மினி:
அமெரிக்காவில் பென்சில்வேனியா லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரர்களைப் பற்றி, அதாவது நவீன வசதிகளைக் கட்டுப்படுத்தி எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரைப் பற்றிப் படித்ததிலிருந்து குழப்பம். சொந்தக் கார் கூடாது, ஆனால் வேறொருவர் ஓட்டும் காரில் காசு கொடுத்துப் போகலாம். வீட்டுக்குள் போன் கூடாது, வெளியே சின்னக் கொட்டகையில் இருந்தால் பரவாயில்லை. இதில் என்ன கணக்கு? யார் முடிவு செய்வது?

கோடைமழை:
மொத்த ஆமிஷுக்கும் ஒரே தலைமை என்று எதுவும் இல்லை. சுமார் 20 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை, அதற்கென்று ‘ஓர்ட்னுங்’ என்ற கட்டுப்பாடுகள், பெரும்பாலும் வாய்மொழிதான். வருடத்துக்கு இரண்டு தடவை, திருவிருந்து என்ற வழிபாட்டுச் சடங்குக்கு முன்னால் கூடி அதைப் பேசி உறுதி செய்துகொள்வார்கள். புதுசாக எதையாவது ஒருவர் வாங்கினால் கொஞ்ச காலம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. அக்கம்பக்க உறவைக் கெடுக்குமா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. கார் வாசலில் நின்றால் நினைத்தபோதெல்லாம் கிளம்பலாம், ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டுமென்றால் தேவைக்கு மட்டும்தான் போவோம். போனும் அப்படித்தான்.

பழையரேடியோ:
பால் கதைதான் எனக்குப் பிடித்தது. 1960களில் பால் கம்பெனிகள், பாலைத் தொட்டியில் குளிரவைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் வாங்குவோம் என்றன. ஆமிஷ் விதிப்படி பொது மின்கம்பியிலிருந்து இணைப்பு எடுக்கக் கூடாது, கம்பெனி கேட்டதை மறுத்தால் பிழைப்பு போய்விடும். லங்காஸ்டர் பிஷப்புகள் பேரம் பேசினார்கள்: குளிரூட்ட டீசல் எஞ்சின், கலக்குவதற்கு 12 வோல்ட் பேட்டரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க வண்டி வரக்கூடாது. கம்பெனிகளும் சரி என்றன!

ஒற்றைப்பனை:
ரொம்பவும் புகழாதீர்கள். சபை முடிவுகளில் பெண்களுக்கும் ஓட்டு உண்டு, ஆனால் போதகராக ஆண்கள் மட்டும்தான், அதுவும் சீட்டுப் போட்டு. ஞானஸ்நானம் எடுத்தவர் விதியை மீறி அடம்பிடித்தால் ஒதுக்கிவைப்பார்கள், பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி. அந்தப் பயம் இருக்கும் இடத்தில் எவ்வளவு மனம் திறந்து பேச முடியும்? அப்புறம், எல்லா ஊரிலும் ஒரே விதி என்று நினைக்க வேண்டாம். ஓஹாயோ ஹோம்ஸ் கவுண்டியில் எலெக்ட்ரிக் சைக்கிளில் போகிற ஆமிஷ்காரர்களைப் பார்க்கலாம், ரொம்பக் கண்டிப்பான ஸ்வார்ட்சென்ட்ரூபர் என்ற ஆமிஷ் பிரிவினரோ, மெதுவாகப் போகும் வண்டி என்று காட்ட சட்டம் கேட்கும் ஆரஞ்சு முக்கோணத்தைக் குதிரை வண்டிக்குப் பின்னால் மாட்டக்கூட மறுத்து, கென்டக்கியில் சிலர் ஜெயிலுக்கே போனார்கள்.

மின்மினி:
அப்போ செல்போனை என்ன செய்கிறார்கள்?

கோடைமழை:
அங்கேதான் இடிக்கிறது. கொட்டகை போன் என்றால் யார் போகிறார், எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று ஊருக்கே தெரியும். செல்போன் சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்கள் தொழிலுக்கு வேண்டும் என்கிறார்கள், சில சபைகள் கண்டுகொள்வதில்லை, சில சபைகளில் இன்னும் இழுபறிதான்.