கேம்பர் இழுக்கும் பிக்கப் எடை நிலையத்தில் நிற்க வேண்டுமா?

ஹூஸ்டன்வாசி: 9,000 பவுண்டு கேம்பர் (பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லர்) வாங்கப் போகிறோம். வண்டி ‘அரை டன்’ ரகப் பிக்கப், 11,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். குடும்பத்தோடு ஃபுளோரிடா போகும்போது எடை நிலையங்களில் உள்ளே போகணுமா?

ரோடுராஜா: தேவையில்லை. 80,000 பவுண்டு லாரிகளைப் பிடிக்க வைத்த இடம் அது, சொந்தக் கேம்பரை யார் கேட்கப் போகிறார்கள்? 11,000 இழுக்கும் வண்டிக்கு 9,000 தாராளம். தைரியமாகக் கிளம்புங்கள்.

கதவுஸ்டிக்கர்: அந்தத் ‘தாராளம்’தான் ஆபத்து. ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள், ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று ஸ்டிக்கரில் இருக்கும். 1,500 என்றே வைப்போம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பு) மேல் இறங்கும், அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். 12 என்றாலே 1,080. நாலு பேர் 600, ஹிட்சின் சொந்த எடை 80. மொத்தம் 1,760, இன்னும் ஒரு பெட்டிகூட ஏற்றவில்லை. பின்பக்கம் அமுங்கினால் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், அப்புறம் பக்கத்தில் ஒரு லாரி வேகமாகக் கடந்தாலே டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும்.

ரோடுராஜா: கம்பெனி சும்மா எண் போடுவதில்லை சார். அரிசோனாவில் டேவிஸ் டாம் சாலை ஏற்றத்தை வைத்து எழுதிய ஜே2807 என்ற இழுவைச் சோதனை விதிப்படி சோதித்த எண் அது. பின்பக்கம் அமுங்கினால் ஏர்பேக் (பின் ஸ்பிரிங்கோடு சேரும் காற்றுப் பை) மாட்டலாம்.

கதவுஸ்டிக்கர்: அந்தச் சோதனையில் ஓட்டுநரும் ஒரே ஒரு பயணியும், தலா 150 பவுண்டு கணக்கு. உங்கள் பிள்ளைகள் அதில் இல்லை. ஏர்பேக் வண்டியை நிமிர்த்தும், அவ்வளவுதான். ஆக்சில் (சக்கர அச்சு) தாங்கும் எடை அதனால் உயராது.

மாநிலம்தாண்டி: சட்டத்துக்கு வருகிறேன். பெரும்பாலான மாநிலங்களில் சொந்தப் பயணக் கேம்பர் நிற்க வேண்டியதில்லை, ஆனாலும் பலகையைப் படியுங்கள். ஃபுளோரிடா விவசாயச் சோதனைச் சாவடியிலும் கேம்பருக்கு விலக்கு உண்டு, மூடிய சரக்கு டிரெய்லர் என்றால் நின்றே ஆகணும். இதே பிக்கப்பில் தொழிலுக்காக டிரெய்லர் இழுத்து மாநிலம் தாண்டினால், இரண்டுக்கும் கம்பெனி குறித்த அதிகபட்ச எடையும் சேர்த்து 10,001 பவுண்டைத் தொட்டாலே வணிக வாகனம்தான்.

ஹூஸ்டன்வாசி: ஸ்டிக்கரில் 1,480 இருக்கிறது! என்ன செய்ய?

கதவுஸ்டிக்கர்: எல்லாரையும் ஏற்றி, டேங்க் நிரப்பி, டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் ஏறுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் என்று தனித்தனியாகச் சீட்டில் வரும்.

ரோடுராஜா: எடை போடுவதை நான் தடுக்கவில்லை. கூடுதலாக வந்தால் கேம்பரின் தண்ணீரைக் காலி செய்யுங்கள், வேலை முடிந்தது.

கதவுஸ்டிக்கர்: அவசரப்படாதீர்கள். தண்ணீர் டேங்க் டிரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால், காலி செய்தவுடன் ஹிட்ச் மேல் எடை இன்னும் கூடும். டேங்க் எங்கே இருக்கிறது என்று டீலரிடம் இன்றே கேளுங்கள்.